கட்டுக்குள் இருப்பது எது? கண்ட்ரோல் சார்ட்டும் குற்றம் சுமத்தலின் அரசியலும்

1

'கட்டுப்பாடு' தமிழில் அப்பாவியான சொல் அல்ல. ஊர்க்கட்டுப்பாடு, சாதிக்கட்டுப்பாடு, கட்சிக்கட்டுப்பாடு என்று அது போகிற இடமெல்லாம் யாரோ ஒருவர் கைகட்டி நிற்கிறார். ஆகவே 'தரக்கட்டுப்பாடு' என்றதும், குறிப்பாக ஃபூக்கோவைக் கொஞ்சம் வாசித்துவிட்டுத் தொழிற்சாலையைச் சிறைச்சாலையின் தம்பியாகப் பார்க்கப் பழகியவர்கள், இதுவும் கண்காணிப்பின் இன்னொரு கருவி என்று தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தீர்ப்பு முழுப் பொய்யல்ல, அவசரத் தீர்ப்பு. தரக்கட்டுப்பாட்டின் மையத்தில் 'கண்ட்ரோல் சார்ட்' என்றொரு வரைபடம் இருக்கிறது. யாரைக் குற்றஞ்சொல்லலாம், யாரைச் சொல்லக்கூடாது என்பதைப் பிரித்துக்காட்டும் படம் அது. நிர்வாகங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தொழிலாளர் பக்கம் நிற்பவர்களோ அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதே அபூர்வம்.

இந்தக் கட்டுரை அதை எடுத்துப் பார்க்கும் முயற்சி. கணக்கு கொஞ்சம் வரும். தமிழ் எம்.ஏ.காரனுக்குப் புரிந்த கணக்குதான், பயப்பட வேண்டாம்.

2

சிகாகோவை ஒட்டிய சிசரோவில், அமெரிக்கா முழுமைக்கும் தொலைபேசிக் கருவிகள் செய்துகொடுத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு ஹாதோர்ன் என்ற பெயரில் ஓர் ஆலை இருந்தது. உச்ச காலத்தில் நாற்பதாயிரம் பேர் வரை அங்கே வேலை பார்த்தார்கள். அதன் சோதனைப் பொறியியல் பிரிவில் இருந்த இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட், 1924 மே 16 அன்று தன் மேலாளருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஏறக்குறைய ஒரு பக்கம்தான், அதிலும் ஒரு பகுதி படம். உலகின் முதல் கண்ட்ரோல் சார்ட் அதுதான். 1931இல் அவர் இதை விரித்துப் புத்தகமாக்கினார்.

அதே ஆலை, அதே ஆண்டு. 1924இன் கடைசி மாதங்களில் அங்கே இன்னொரு ஆய்வும் தொடங்கியது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் தொழிலாளி கூடுதலாக வேலை செய்வாரா என்ற சோதனை. பிறகு அது ரிலே பொருத்தும் இளம் பெண்களைத் தனி அறையில் வைத்து, அவர்களுடைய ஓய்வு நேரம், தீனி, தூக்கம், பேச்சு என்று எல்லாவற்றையும் பதிவு செய்யும் அளவுக்கு வளர்ந்தது. ஹார்வர்டிலிருந்து எல்டன் மேயோ வந்து சேர்ந்தார். 'ஹாதோர்ன் ஆய்வுகள்' என்று நிர்வாகவியல் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றிருப்பது இதுதான்.

இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். உற்பத்தி ஏன் ஒருநாள் போல் ஒருநாள் இருப்பதில்லை என்ற பொது வினாவை இரண்டும் தொடுகின்றன. மேயோவின் வழி, விடையைத் தொழிலாளியின் உடலிலும் மனதிலும் தேடியது. ஷூஹார்ட்டின் வழி, தொழிலாளியும் எந்திரமும் மூலப்பொருளும் அளவுக்கருவியும் சேர்ந்த செய்முறை முழுவதிலும் தேடியது. ஃபூக்கோவைக் கொண்டு வாசிக்க வேண்டியது முதலாவதை. இரண்டாவதற்கு வேறு வாசிப்பு தேவை.

3

ஷூஹார்ட்டின் தொடக்கப்புள்ளி மிக எளிது. எந்த இரண்டு பொருளும் ஒன்றுபோல் இருக்காது. ஒரே மாவு, ஒரே கல், ஒரே கை—பத்து தோசை சுட்டால் பத்தும் ஒரே கனத்தில் வராது. ஏன் மூன்றாவது கொஞ்சம் தடித்தது, ஆறாவது கொஞ்சம் மெலிந்தது என்று கேட்டால் தனிக் காரணம் கிடையாது. கரண்டியில் மாவு ஒரு துளி கூட, கல்லில் சூடு ஒரு இம்மி குறைய என்று நூறு சின்னக் காரணங்கள் சேர்ந்து ஆட்டுகின்றன. ஏழாவது தோசை கருகிவிட்டது என்றால் கதை வேறு. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தோம். இதற்குக் காரணம் சொல்ல முடியும்.

முதல் வகையைத் 'தற்செயல் காரணங்கள்' என்றும் இரண்டாம் வகையைச் 'சுட்டிக்காட்டத்தக்க காரணங்கள்' என்றும் ஷூஹார்ட் பிரித்தார். பின்னால் வந்த டெமிங் 'பொதுக் காரணம்', 'சிறப்புக் காரணம்' என்றார். நான் டெமிங்கின் சொற்களையே பின்பற்றுகிறேன். சிக்கல் என்னவென்றால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரிக்க ஒரு கோடு வேண்டும். கண்ட்ரோல் சார்ட் போடுவது அந்தக் கோட்டைத்தான்.

ஓர் உதாரணம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, முறை உண்மையானது. ஒரு லேத்தில் 20 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் கடைகிறார்கள். மணிக்கு ஒரு தடவை, அடுத்தடுத்து வந்த ஐந்து ஷாஃப்டை எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். ஐந்தின் சராசரி, படத்தில் ஒரு புள்ளி. ஐந்தில் பெரியதற்கும் சின்னதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு 'வீச்சு' என்று பெயர். அதற்குக் கீழே தனிப் படம். இருபத்தைந்து புள்ளி சேர்ந்ததும் கணக்குப் போடலாம். சராசரிகளின் சராசரி 20.002 மி.மீ., வீச்சுகளின் சராசரி 26 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) ஐந்தைந்தாக எடுக்கும்போது சராசரி வீச்சை 0.577ஆல் பெருக்க வேண்டும் என்பது அட்டவணையில் உள்ளது. பெருக்கினால் 15 மைக்ரான். சராசரிக் கோட்டுக்கு மேலே 20.017இல் ஒரு கோடு, கீழே 19.987இல் ஒரு கோடு. படம் முடிந்தது.

அந்த 15 மைக்ரான் என்பது புள்ளிகளின் இயல்பான ஆட்டத்தை அளக்கும் 'சிக்மா'வின் மூன்று மடங்கு. ஆட்டம் மணி வடிவில் பரவியிருந்தால், ஒன்றுமே நடக்காதபோதும் ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்று புள்ளி கோட்டைத் தாண்டும். ஏன் மூன்று மடங்கு, இரண்டு கூடாதா? கோட்டை நெருக்கிப் போட்டால் இல்லாத குற்றவாளியைத் தேடி அலைவோம், அகட்டிப் போட்டால் இருக்கும் குற்றவாளியை விட்டுவிடுவோம். இரண்டு தவறும் காசு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று நடைமுறையில் கட்டுப்படியாகிறது என்பதே ஷூஹார்ட்டின் வாதம். அவர் புத்தகத் தலைப்பிலேயே 'சிக்கனம்' இருப்பது தற்செயல் அல்ல.

கோடுகளுக்கு உள்ளே புள்ளி ஏறினாலும் இறங்கினாலும், அந்தந்தப் புள்ளிக்குத் தனிக் கதை கிடையாது. எழுத்தாளர்களாகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான இடம். நிகழ்வு என்றால் அதற்குக் காரணமும், காரணத்துக்கு ஒரு பாத்திரமும் தேடிப் பழகியவர்கள் நாம். புள்ளி வெளியே போனால் அல்லது உள்ளேயே ஒரு கோலம் தெரிந்தால்—எட்டுப் புள்ளி தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் விழுவது போல—அப்போது தேடு என்கிறது படம். டூல் முனை தேய்ந்திருக்கலாம், புது லாட் கம்பி வந்திருக்கலாம்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை.

ஒன்று: உள்ளே இருக்கும் புள்ளியை 'சரி' செய்யப் போனால் நிலைமை மோசமாகும். பதினொரு மணிக்கு 20.011 வந்தது, ஒன்பது மைக்ரான் கூட என்று சூப்பர்வைசர் லேத்தை ஒன்பது மைக்ரான் கீழே திருப்புகிறார். பன்னிரண்டு மணிக்கு வேறு புள்ளி, மறுபடி திருப்புகிறார். ஒவ்வொரு தடவையும் இப்படியே திருப்பினால் ஆட்டத்தின் பரவல் ஏறக்குறைய 41 சதவீதம் அகலும். புனல் வழியாகக் கோலிக்குண்டை விடும் சோதனையால் டெமிங் இதை அரங்கத்திலேயே செய்துகாட்டுவார். அக்கறையோடு செய்யும் குறுக்கீடுதான் கேட்டைப் பெருக்குகிறது.

இரண்டு: இந்தக் கோடுகள் செய்முறையிலிருந்தே பிறந்தவை. வாங்குபவர் கேட்கும் அளவு, அதாவது 'ஸ்பெசிஃபிகேஷன்', அது வேறு. நம் லேத்தில் ஒரு தனி ஷாஃப்டின் சிக்மா சுமார் 11 மைக்ரான் வரும். வாங்குபவர் 20 மி.மீ., கூடக்குறைய 10 மைக்ரான்தான் என்று சொல்லிவிட்டால், நூற்றுக்கு ஏறக்குறைய 38 ஷாஃப்ட் ரிஜெக்ட். சார்ட்டிலோ ஒரு புள்ளிகூட வெளியே போகாது! செய்முறை 'கட்டுக்குள்' இருக்கிறது; கட்டுக்குள் இருந்துகொண்டே நூற்றுக்கு 38 கழிவை ஒழுங்காக உற்பத்தி செய்கிறது. எந்தத் தொழிலாளியைத் திட்டினாலும், பரிசு கொடுத்தாலும் அந்த 38 குறையாது. எந்திரத்தை மாற்றணும், கம்பியின் தரத்தை மாற்றணும், செய்முறையை மாற்றணும். இவற்றில் எதுவும் லேத் முன்னால் நிற்பவரின் கையில் இல்லை.

ஆக, 'கட்டுக்குள்' என்றால் 'நல்லது' என்று பொருளல்ல. இனி எப்படி நடக்கும் என்று ஓர் எல்லைக்குள் முன்கூட்டிச் சொல்ல முடியும், அவ்வளவுதான்.

4

எட்வர்ட்ஸ் டெமிங் இளைஞராக ஹாதோர்ன் ஆலையில் கோடைகால வேலை பார்த்தவர். ஷூஹார்ட்டின் 1939ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பதிப்பித்தவர். 1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் அங்கே போய்ப் பாடம் நடத்தினார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஜப்பானில் பரிசு ஏற்பட்டது. சொந்த நாட்டில் அவரைப் பரவலாகக் கவனிக்க 1980இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வர வேண்டியிருந்தது.

கருத்தரங்குகளில் அவர் நடத்திய 'சிவப்பு மணி' விளையாட்டு ஒரு தெருநாடகம் என்றே சொல்லலாம். பெட்டியில் 4,000 மணி; 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழி வைத்த பலகையை உள்ளே விட்டு எடுத்தால் ஐம்பது மணி வரும். சிவப்பு மணி என்றால் பழுது. கூட்டத்திலிருந்து ஆறு பேர் 'தொழிலாளிகள்', டெமிங் முதலாளி. ஒருவருக்கு 5 சிவப்பு, சபாஷ், சம்பள உயர்வு. இன்னொருவருக்கு 15, எச்சரிக்கை. மறுநாள் சம்பள உயர்வு வாங்கியவருக்கே 12! தலைக்கனம் வந்துவிட்டது என்று முதலாளி திட்டுகிறார். சுவரில் முழக்க அட்டைகள் மாட்டப்படுகின்றன. கடைசியில் 'மோசமான' மூன்று பேருக்கு வேலை போகிறது.

கணக்கு என்ன சொல்கிறது? ஐந்தில் ஒன்று சிவப்பு என்றால் ஐம்பதுக்குச் சராசரி 10. சிக்மா 2.83, அதன் மூன்று மடங்கு எட்டரை. ஆக ஒன்றரையிலிருந்து பதினெட்டரை வரை எல்லாமே பெட்டியின் வேலை. 5 எடுத்தவருக்கும் 15 எடுத்தவருக்கும் திறமையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. பெட்டிக்குள் சிவப்பு மணியைக் கொட்டியவர் யார் என்பது மட்டுமே கேள்வி.

டெமிங் இதிலிருந்து எடுத்த முடிவுகளைக் கேட்டால் கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வரும். ஆண்டுக்காண்டு ஆட்களைத் தரம் பிரிக்கும் மதிப்பீட்டை ஒழி. எண்ணிக்கை இலக்கை ஒழி. முழக்க அட்டையைக் கழற்று. அச்சத்தைப் போக்கு. பழுதுகளில் மிகப் பெரும்பங்கு—அவர் கணிப்பில் 94 சதவீதம்—அமைப்புக்கே உரியது, அமைப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் அவர் கம்யூனிஸ்ட் இல்லை. சந்தைக்குள் நின்று முதலாளிகளுக்குப் புத்தி சொன்னவர். முதலாளிகள் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜாக் வெல்ச் தலைமையில் ஜெனரல் எலெக்ட்ரிக் 1995இல் 'சிக்ஸ் சிக்மா' திட்டத்தை ஆரவாரமாகத் தொடங்கியது. ஷூஹார்ட்டின் சிக்மாதான், மோட்டரோலா கம்பெனி வழியாக வந்தது. அதே வெல்ச், மேலாளர்களைத் தரவரிசைப்படுத்தி அடிமட்டத்துப் பத்துச் சதவீதத்தை ஆண்டுதோறும் வெளியேற்றும் முறையையும் பெருமையாகப் பேசினார். பொருளின் ஆட்டத்துக்குப் புள்ளியியல், மனிதரின் ஆட்டத்துக்குக் கத்தி! சிவப்பு மணி விளையாட்டைக் கேலி என்று புரிந்துகொள்ளாமல் செயல்திட்டமாகவே எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. வரிசை என்று ஒன்றைப் போட்டால் கடைசியில் யாராவது இருந்தே தீருவார்கள். நம் ஊரில் தேர்ச்சி விகிதம் இரண்டு சதவீதம் சறுக்கியதற்காகத் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்பதும் இந்த வகைதான்.

5

இந்த இடத்தில் தோழர்கள் மறிப்பார்கள்: 'சார்ட்டுக்கு வக்காலத்து வாங்குகிறாயா?' மறுப்பில் உண்மை இருக்கிறது, எதிர்கொண்டாக வேண்டும்.

டெமிங் டோக்கியோவில் பாடம் எடுத்த அதே 1950இல்தான் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்து தோல்வியில் முடிந்தது. 1953இல் நிசானில் போர்க்குணமிக்க சங்கம் உடைக்கப்பட்டு, நிர்வாகத்தோடு ஒத்துப்போகும் இரண்டாவது சங்கம் எழுந்தது. தொழிலாளர்களே உட்கார்ந்து சார்ட் வரையும் 'தர வட்டங்கள்' வந்தது 1962இல். வரிசை முக்கியம். எதிர்க்கும் குரல் அடங்கிய பிறகே 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்ற அழைப்பு பெரிய அளவில் வந்தது. அமெரிக்கத் தொழிற்சங்கச் செயல்பாட்டாளர்கள் மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988இல் எழுதிய நூலில், டொயோட்டா பாணி ஆலைகளில் எல்லா விளக்கும் பச்சையாக எரிவது நிர்வாகத்துக்குப் பிடிக்காது என்பதைக் காட்டினார்கள். பச்சை என்றால் ஆள் அதிகம், வேகம் போதவில்லை. ஆளைக் குறை, வேகத்தைக் கூட்டு, எங்கே மஞ்சள் எரிகிறது பார். தொழிலாளி கண்டுபிடித்துக் கொடுத்த ஒழுங்கையே அவருக்கு எதிரான நெருக்கடியாக மாற்றும் ஏற்பாடு இது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. மகலனோபிஸின் முயற்சியால் ஷூஹார்ட் 1947-48இல் இந்தியா வந்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோடு பணியாற்றினார். துணி ஆலைகள் இந்த முறையை முன்கையெடுத்துப் பழகின. 1998இல் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, டெமிங் பரிசு பெற்ற முதல் இந்தியக் கம்பெனி ஆயிற்று. அதற்கப்புறம் சென்னையைச் சுற்றியுள்ள உதிரிபாக ஆலைகளில் சார்ட் மாட்டாத சுவரைப் பார்ப்பது கஷ்டம்.

ஆனால் சுவரில் இருப்பது எப்படி வாழ்கிறது? புறநகர் ஆலை ஒன்றில், பெயர் எதற்கு, வேலை பார்க்கும் நண்பர் சொன்னார்: "கோட்டைத் தாண்டினா மெமோ. அதனால தாண்ட விடமாட்டோம். அளக்கிறது ஒண்ணு, எழுதுறது ஒண்ணு. ஆடிட் வர்றப்ப எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்." இயல்பாக ஆடாத புள்ளிகள் பொய்ப் புள்ளிகள் என்று படிக்கத் தெரிந்தவருக்கு உடனே புரியும். அச்சம் இருக்கும் இடத்தில் உண்மையான எண் கிடைக்காது என்று டெமிங் சொன்னது இதைத்தான்.

ஆகவே என் வாதம் கருவி நல்லது, பயன்படுத்துபவர் கெட்டவர் என்பது அல்ல. சார்ட்டில் எதைப் புள்ளியாக வைப்பது என்று முடிவு செய்பவரிடம் அதிகாரம் இருக்கிறது. ஷாஃப்டின் விட்டம் மைக்ரான் கணக்கில் சுவரில் ஏறுகிறது. கடைபவரின் முதுகுவலியும், இரவு ஷிப்ட் கடைசி மணியின் கண்ணெரிச்சலும் எந்தச் சுவரிலும் ஏறுவதில்லை. சண்டை போட வேண்டிய இடம் இது.

6

ஒரே ஒரு புள்ளியை மாற்றிப் பார்ப்போம். ஷாஃப்டின் விட்டத்துக்குப் பதிலாக விபத்து.

ஓர் ஆலையில் மாதத்துக்குச் சராசரி நான்கு காயம் என்று கொள்வோம். எண்ணிக்கைகளுக்கான சார்ட்டில் சிக்மா, சராசரியின் வர்க்கமூலம்: இரண்டு. கீழ் எல்லை பூஜ்யம், மேல் எல்லை பத்து. தையில் 2, மாசியில் 6, பங்குனியில் 3, சித்திரையில் 7. மாசியில் எச்சரிக்கைப் பலகை, பங்குனியில் 'பாதுகாப்பு விருது', சித்திரையில் இரண்டு பேர் சஸ்பென்ஷன். ஆனால் எல்லாப் புள்ளியும் உள்ளேதான். அதாவது அந்த ஆலை ஷாஃப்ட் உற்பத்தி செய்வது போலவே, அதே ஒழுங்கோடு, மாதம் நாலு காயத்தையும் உற்பத்தி செய்கிறது. காயமும் அதன் சரக்கு. ஒவ்வொரு காயத்தையும் தனித்தனியாக விசாரித்து 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று கோப்பை மூடும்போது, பெட்டியை விட்டுவிட்டுப் பலகை பிடித்தவரைத் தண்டிக்கிறார்கள். விபத்துகளிலும் பெரும்பகுதி பொதுக் காரணத்தால் வருபவை என்று டெமிங்கே எழுதியிருக்கிறார்.

செய்தித்தாள்களில் வரும் விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைச் சாவுகளை இப்படி வாசித்துப் பாருங்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். இந்தப் பெரிய சாவுகளுக்கு நடுவே, இரண்டாம் பக்கத்துச் செய்தியாக ஒன்றிரண்டு பேர் சாகும் சம்பவங்கள். செய்தியில் திரும்பத் திரும்ப ஒரு சொல்: 'உராய்வு'. மருந்தைக் கையாளும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. அந்தக் கை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை, செத்துப்போனவருடையது. உராய்வு ஒரு 'சிறப்புக் காரண'மாக நிறுத்தப்படுகிறது. பீஸ் ரேட்டு, தீபாவளிக்கு முந்தைய அவசரம், உள்குத்தகை, ஓர் அறையில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல் ஆட்கள், வெயில்—இவை பெட்டிக்குள் கொட்டப்பட்ட சிவப்பு மணிகள். உராய்வைத் தடுக்க இன்னொரு 'விழிப்புணர்வு முகாம்' நடத்துவது முழக்க அட்டை மாட்டும் வேலை. நிவாரணம் அறிவித்துவிட்டு அதிகாரிகள் 'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்பார்கள். ஷூஹார்ட்டின் அர்த்தத்தில் அது உண்மையாக இருப்பதுதான் கொடுமை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'விபத்து இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆகவே யாரும் பொறுப்பில்லை' என்று இதே படத்தைக் காட்டி நிர்வாகம் நழுவப் பார்க்கும். அனுமதிக்கக்கூடாது. உள்ளே இருக்கும் புள்ளி பொறுப்பை இல்லாமலாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது: எந்திரத்தையும் இடத்தையும் வேகத்தையும் கூலி முறையையும் முடிவு செய்பவரிடம் அது போய்ச் சேருகிறது. அதுபோல, புள்ளி உண்மையிலேயே வெளியே போயிருந்தால் சங்கமும் நேர்மையாகக் காரணம் தேட வேண்டும். அது சில சமயம் நம் ஆளாகவும் இருக்கலாம்.

செய்யக்கூடியது ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் காலந்தொட்டு விபத்துகளை ஆய்வாளருக்கு அறிவிப்பது நிர்வாகத்தின் கடமையாக இருந்துவருகிறது. அந்த அறிவிப்புகளையும் ரிஜெக்‌ஷன் கணக்கையும் இரண்டாண்டுக்குக் கேட்டு வாங்குங்கள். தரமறுத்தால் சங்கமே குறித்துவைக்கட்டும், தெரிந்தும் அறிவிக்காமல் விட்ட காயங்களையும் சேர்த்து. ஒரு கிராஃப் தாள், ஒரு பென்சில், ஒரு வர்க்கமூலம் போதும். அடுத்த உள்விசாரணையில் தோழர் ஒருவரை நிறுத்தி 'உன் கவனக்குறைவுதானே' என்று கேட்கும்போது, அந்தத் தாளை மேசையில் வையுங்கள். அவருடைய புள்ளி கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று முதலில் அவர்கள் பதில் சொல்லட்டும்.